கோழி, வாத்து, வான்கோழி: ஒரே கொட்டகையில் அடைக்கலாமா?

பெங்களூருவின் புறநகர்களிலும், கோலார் தங்கவயலிலும், குடகு, சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களிலும் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கும் ஆயிற்று. முட்டை விற்ற காசு பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆயிற்று.

கொஞ்ச நாள் போனதும் ஆசை வளர்கிறது. சந்தையில் நாலு வாத்து கிடைக்கிறது. யாரோ ஒரு ஜோடி வான்கோழி தருகிறார்கள். பாம்பு வந்தால் கத்திக் காட்டிக் கொடுக்கும் என்று கினிக்கோழியும் வந்து சேருகிறது. எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் அடைக்கிறார்கள்.

மழைக்காலம் வந்ததும் வினை தொடங்குகிறது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. முட்டை அழுக்காகிக் கடைக்காரர் வாங்க மறுக்கிறார். வான்கோழி தலை தொங்கி நிற்கிறது. தீவனம் சரியில்லை என்று நினைத்துத் தீவனத்தை மாற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் காலடியில், படுக்கையில் இருக்கிறது.

ஈரமே எதிரி

கொட்டகைத் தரையில் பரப்பும் உமி, மரச்சீவல் போன்றவற்றைக் கூளம் என்கிறோம். எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சி, தரையை உலர்வாக வைப்பது அதன் வேலை. கூளம் நனைந்தால் எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்புகிறது. கோழியின் கண் எரிகிறது, மூச்சுக்குழல் புண்ணாகிறது. குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக்கழிச்சல் நோயின் கிருமி, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்தில் 1 அல்லது 2 நாளிலேயே தொற்றும் பருவத்தை அடைந்துவிடும்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். கொழுக்கட்டை போல நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் சரி. புழுதி பறந்தால் அதிகம் காய்ந்துவிட்டது; அதுவும் மூச்சுக்கு ஆகாது.

எந்தக் கூளம் நல்லது?

நெல் உமி மலிவானது, சீக்கிரம் கட்டி தட்டாது. அரிசி மில்லில் ‘பத்தத ஹொட்டு’ என்று கன்னடத்தில் கேட்டால் கொடுப்பார்கள். தச்சுப் பட்டறையின் இழைப்புச் சுருள் இன்னும் நன்றாக ஈரத்தை உறிஞ்சும். நைசான மரத்தூளைக் குஞ்சுகளுக்குப் போடக் கூடாது. தீவனம் என்று கொத்தித் தின்றுவிடும். தென்னை நார்க்கழிவு ஈரத்தை நிறைய இழுக்கும். நன்றாகக் காய வைத்துத்தான் பரப்ப வேண்டும்.

தோட்டப் பகுதிகளில் காப்பிக்கொட்டைத் தொலி கிடைக்கும். அதையும், கடலைத் தொலியையும் பயன்படுத்தலாம். ஆனால் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஒரு கூடைகூட உள்ளே போகக் கூடாது. கோழியின் நுரையீரலைக் கெடுத்துவிடும். வைக்கோலை 2 அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போடலாம். நீளமாகப் போட்டால் பாய் போலப் படிந்து, அடியில் அழுகும்.

குஞ்சுகளுக்கு 2 அங்குலமும், பெரிய கோழிகளுக்கு 4 முதல் 6 அங்குலமும் கனம் இருக்கட்டும். வாரம் இருமுறையாவது கிளறிவிடுங்கள். நனைந்த இடத்தை அன்றே அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கழித்த கூளத்தை மக்க வைத்தால் செடிகளுக்கு நல்ல எரு.

வாத்துக்குத் தனித் தடுப்பு

ஒரு வீட்டில் 10 கோழி, 4 வாத்து, ஒரு ஜோடி வான்கோழி, 2 கினிக்கோழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதில் கூளத்தைக் கெடுப்பது வாத்துதான். அலகைக் கழுவிக் கழுவித் தின்பது அதன் சுபாவம், எச்சமும் நீர்த்தது. கோழி ஒரு வாரத்தில் செய்யும் ஈரத்தை வாத்து ஓர் இரவில் செய்துவிடும்.

ஆகவே கொட்டகையின் தாழ்ந்த பக்கத்தில் வாத்துக்கு ஒரு தடுப்பு வேண்டும். 4 வாத்துக்கு 16 சதுர அடி போதும். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கம்பி வலைமேல் வைத்து, சிந்தும் நீர் கீழே குழியில் வடியும்படி செய்யுங்கள். கூளத்தின்மேல் பாத்திரம் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கோழிகளுக்கு ஒன்றுக்கு 2 முதல் 2½ சதுர அடி கணக்கிடலாம்.

வான்கோழியைச் சேர்க்காதீர்கள்

வான்கோழியை மட்டும் கோழியோடு விடவே கூடாது. கோழியின் குடலில் ஒரு சிறு புழு உண்டு. அந்தப் புழுவின் முட்டைக்குள் ‘கருந்தலை நோய்’ கிருமி ஒளிந்து வெளியே வரும். கோழிக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. வான்கோழிக்கோ குடலும் ஈரலும் புண்ணாகி, மஞ்சளாகக் கழிந்து, மந்தையே சாகலாம். புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோழி மேய்ந்த நிலத்திலும், கோழி படுத்த கூளத்திலும் வான்கோழியை விடாதீர்கள். தனி இடம் இல்லையென்றால் வான்கோழி ஆசையை விட்டுவிடுவதே இலாபம்.

முட்டையிடும் பெட்டி

4 அல்லது 5 கோழிக்கு ஒரு பெட்டி போதும். நீளம், அகலம், உயரம் எல்லாம் 1 அடி. பழைய பழப்பெட்டியே ஆகும். முட்டையும் கூளமும் உருளாதபடி முன்னால் 4 அங்குல விளிம்பு அடியுங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில், தரையிலிருந்து 1½ அடி உயரத்தில் வையுங்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவான கிரிராஜா போன்ற கனத்த கோழிகளுக்கு இன்னும் தாழ்வாக இருக்கட்டும்; உயரத்திலிருந்து குதித்தால் பாதம் புண்ணாகும்.

கோழி உறங்கும் கம்பு, பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி உயரமான இடத்தைத்தான் உறங்கத் தேடும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே படுத்து எச்சமிடும்.

வாத்து மேலே ஏறாது. 3 வாத்துக்கு ஒன்று வீதம் தரையிலேயே பெட்டி வையுங்கள். அது விடியற்காலையில் முட்டையிடும். காலை 9 மணிக்கு முன் திறந்துவிட்டால் முட்டை குட்டையில்தான் கிடக்கும். கினிக்கோழி புதரில் ஒளித்து இடும். அதையும் காலையில் சற்று நேரம் அடைத்து வைப்பது நல்லது.

இட்ட முட்டை சூடாக இருக்கும். ஆறும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். அப்போது ஓட்டில் ஈரமும் எச்சமும் இருந்தால் கிருமியும் சேர்ந்து போகும். பெட்டியில் எப்போதும் 3 அங்குலம் உலர்ந்த உமி இருக்க வேண்டியது இதனால்தான். கழுவிவிட்டால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். குளிர்ந்த நீரில் கழுவினால் அழுக்கு உள்ளேதான் போகும்.

அடை வைக்கும்போது

அடைக்கோழிக்குத் தனி இடம் கொடுங்கள். கூடையில் கொஞ்சம் மணல், அதன்மேல் நறுக்கிய வைக்கோல், காய்ந்த வேப்பிலை போட்டு வைப்பது நம் ஊர் வழக்கம். கோழி முட்டை 21 நாளில் பொரியும். வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கோழிக்கு வைத்தால், கோழிக்குஞ்சு பொரிந்ததும் தாய் எழுந்து போய்விடும். வாத்து முட்டை வீணாகும்.

குஞ்சு வாங்கவோ, பயிற்சி பெறவோ விரும்புவோர் பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசின் கோழி வளர்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கலாம். அதற்கு முன் ஒரு வேலை உண்டு. விடியற்காலையில் கொட்டகைக் கதவைத் திறந்து, கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவு முழுவதும் அங்கே இருந்த கோழிக்கு எப்படி இருந்திருக்கும்? புதுக் குஞ்சு வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் இரண்டு மூட்டை உமி வாங்குங்கள்.