எண்பதாயிரம் டாலர் வீடும் முப்பது ஆண்டு வரியும்

டெட்ராய்ட் நகருக்குள் 80,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கிக் குடியேறுவதாக வைத்துக்கொள்வோம். மிச்சிகன் மாநிலத்தில் சந்தை விலையில் பாதிதான் வரிக்குரிய மதிப்பு, ஆக 40,000. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு அந்த நகரத்தில் ஒவ்வோர் ஆயிரம் டாலர் மதிப்புக்கும் சுமார் 67 டாலர் சொத்து வரி. ஆண்டுக்கு 2,680 டாலர். விலையும் வரியும் மாறாமல் இருந்தால் முப்பது ஆண்டுகளில் 80,400. வீட்டை வாங்கக் கொடுத்த பணத்தை வரியாக மறுபடியும் ஒருமுறை கொடுத்திருப்போம்.

அதே டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள டிராய், நோவை, கேன்டன் போன்ற புறநகர்களில்தான் கார்த் தொழிலை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வசிக்கின்றன. அங்கே ஆயிரத்துக்கு 40 டாலர் என்று கொள்வோம். பல புறநகர்களில் நிலவரம் அதை ஒட்டித்தான் இருக்கிறது. வீட்டின் விலை 3,50,000 என்றால் வரிமதிப்பு 1,75,000, ஆண்டு வரி 7,000. விலைக்குச் சமமான தொகையை வரியாகக் கட்டி முடிக்க ஐம்பது ஆண்டு ஆகும்.

எது மலிவு? ரசீதில் உள்ள தொகையைப் பார்த்தால் டெட்ராய்ட். விலையோடு ஒப்பிட்டால் புறநகர்: அங்கே 2 சதவீதம், நகருக்குள் 3.35 சதவீதம். வீடு தேடுகிறவர்கள் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். மாதாமாதம் நம்மால் கட்ட முடியுமா என்பதைத் தொகை சொல்லும். வீட்டில் போட்ட பணம் என்ன ஆகும் என்பதைச் சதவீதம் சொல்லும். வீடு வாங்க வருகிற ஒவ்வொருவரும் வருங்கால வரியை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் விலை பேசுகிறார். ஆகவே 80,000 என்ற அந்த விலையில் உள்ள மலிவின் ஒரு பங்கு, வரியை முன்கூட்டியே கழித்ததால் வந்தது. நாளை நாம் விற்கப் போகும்போது நம்மிடமும் அதே கழிவைத்தான் கேட்பார்கள்.

இந்த "எத்தனை ஆண்டு" கணக்கையே வேறு சில ஊர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் விலைக்கு நிகரான தொகை வரியாகவே போய்ச் சேர ஆகும் காலம்:

டெட்ராய்ட், வாடகைக்கு விட்ட வீடு: ஏறத்தாழ 23½ ஆண்டு
டெட்ராய்ட், சொந்தக் குடியிருப்பு: 30 ஆண்டு
பால்டிமோர் நகரம்: 42 ஆண்டு
டெட்ராய்ட் புறநகர்: 50 ஆண்டு
பால்டிமோர் கவுண்டி: 82 ஆண்டு
கேரி, இந்தியானா, சொந்தக் குடியிருப்பு: ஏறத்தாழ 100 ஆண்டு

பால்டிமோர் இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். பெயர் ஒன்றானாலும் நகரமும் கவுண்டியும் (மாவட்டம் போன்றது) 1851-லிருந்து தனித்தனி நிர்வாகங்கள். நகரின் எல்லை கடைசியாக விரிந்தது 1918-ல். நகருக்குள் 100 டாலர் மதிப்புக்கு 2.248 டாலர் வரி, கவுண்டியில் 1.10. இரண்டோடும் மேரிலாந்து மாநிலத்தின் 0.112 சேரும். 2,00,000 டாலர் வீட்டுக்கு நகரத்தில் 4,720, கவுண்டியில் 2,424. எல்லைத் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விலையில் இரண்டு வீடுகள் இருந்தால், ஆண்டுக்கு வித்தியாசம் 2,296 டாலர். முப்பது ஆண்டில் 68,880. சிறு குழந்தைகளோடு வீடு தேடும் குடும்பம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போகிறவர்கள் போகப் போக, நகருக்குள் மிஞ்சியவர்களின் வரியைக் குறைப்பது இன்னும் கடினமாகிறது. பல ஆண்டுகளாக 15,000-ஐ ஒட்டி நின்ற காலி வீடுகளின் கணக்கு அந்த நகரத்துக்கு வந்தது இப்படியும்தான்.

வரிவிகிதம் ஏன் இவ்வளவு உயர்கிறது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே போதும். 1950-ல் டெட்ராய்ட்டில் 18,49,568 பேர்; 2020-ல் 6,39,111. செயின்ட் லூயிஸில் 8,56,796 பேர் இருந்தது 3,01,578 ஆனது. கிளீவ்லாந்தில் 9,14,808 பேர் 3,72,624 ஆனார்கள். பஃபலோவில் 5,80,132 பேர் 2,78,349. பால்டிமோரில் 9,49,708 பேர் 5,85,708. நூறு பேர் இருந்த இடத்தில் டெட்ராய்ட்டிலும் செயின்ட் லூயிஸிலும் 35 பேர், கிளீவ்லாந்தில் 41, பஃபலோவில் 48, பால்டிமோரில் 62.

மக்கள் போனாலும் ஊர் சுருங்குவதில்லை. டெட்ராய்ட்டின் பரப்பு அன்றும் இன்றும் சுமார் 139 சதுர மைல். அதற்கடியில் ஓடும் குடிநீர்க் குழாய் மட்டும் 2,700 மைல். நம் அளவில் ஏறத்தாழ 4,345 கிலோமீட்டர். இன்று ஒரு கிலோமீட்டர் குழாய்க்கு 147 பேர். 1950-ன் மக்கள்தொகை இன்றும் இருந்திருந்தால் 426 பேர். நூறு இலைக்குச் சமைத்த பந்தியில் முப்பத்தைந்து பேர் உட்கார்ந்து முழுச் செலவையும் பகிர்ந்துகொள்வது போன்ற நிலை. பழைய ஊழியர்களின் ஓய்வூதியமும் பழைய கடனும் அதே 35 பேரின் தலையில்தான். 2013 ஜூலையில் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு டெட்ராய்ட் திவால் மனு கொடுத்தபோது, அவசர அழைப்புக்குப் போலீஸ் வந்து சேரச் சராசரியாக 58 நிமிடம் ஆவதாக அதன் அவசரகால நிர்வாகியே ஆவணத்தில் எழுதினார். தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. நாட்டின் மிக உயர்ந்த வரிவிகிதங்களில் ஒன்றைக் கட்டிய மக்களுக்குக் கிடைத்த சேவை அது. 2014 டிசம்பரில் திவாலிலிருந்து வெளியேறி, 2016 முடிவதற்குள் 65,000 எல்இடி விளக்குகளைப் பொருத்தி முடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே பத்து ஆண்டுக்கு முந்தைய பெயரை வைத்து ஓர் ஊரை எடை போடக் கூடாது. 2010-க்கும் 2020-க்கும் இடையே பஃபலோவின் மக்கள்தொகை 2,61,310-லிருந்து ஏறியது. 1950-க்குப் பிறகு அதுதான் முதல் ஏற்றம். வரிவிகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்க்கச் சொல்வது இந்தத் திசையைத்தான். ஆட்கள் கூடும் ஊரில் விகிதம் குறைய வழி உண்டு. குறையும் ஊரில் இல்லை.

இனி, வாங்குகிறவர்களை அதிகம் இடறிவிடும் எண்ணுக்கு வருவோம். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் "சென்ற ஆண்டு வரி" விற்பவருடையது, நம்முடையது அல்ல. மிச்சிகனில் 1994-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டத்திருத்தத்தின்படி, ஒரே உரிமையாளரிடம் இருக்கும்வரை வரிமதிப்பு ஆண்டுக்குப் பணவீக்கம் அல்லது 5 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவுக்குத்தான் உயரலாம். கைமாறியதும் அடுத்த ஆண்டே அந்தக் கட்டுப்பாடு விலகி, மதிப்பு சந்தை விலையின் பாதிக்குத் தாவிவிடும். இப்படி ஒரு கணக்கு: வீட்டின் விலை 1,00,000, நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்த முதியவரின் வரிமதிப்பு 15,000, அவர் கட்டியது 1,005 டாலர். வாங்குகிறவரின் வரிமதிப்பு 50,000. அவர் கட்ட வேண்டியது 3,350. மாதத்துக்கு 195 டாலர் கூடுதல். வங்கி, கடன் தவணையோடு வரிக்கும் சேர்த்துப் பிடிக்கும்போது முதல் ஆண்டில் பழைய ரசீதை வைத்தே பிடித்திருந்தால், இரண்டாம் ஆண்டில் விடுபட்ட பாக்கியும் புதிய தொகையும் ஒன்றாக வந்து நிற்கும். குடியிருப்பவருக்கான விலக்குப் படிவத்தை நிரப்பித் தராவிட்டால் ஆயிரத்துக்கு 18 டாலர் பள்ளி வரியும் ஏறும்; பட்டியலில் வாடகை வீடு முதலில் நின்றதும் இதனால்தான். இந்த வீட்டுக்கு அது மேலும் 900. பால்டிமோரிலும் குடியிருப்பவரின் வரி ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி ஒரு சலுகை உண்டு. அதுவும் விற்பவரோடு போய்விடும்.

இந்த எண்களுக்குப் பின்னால் நடந்த ஓர் அநியாயத்தைத் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சந்தை விலையின் பாதிக்கு மேல் மதிப்பிடக் கூடாது என்று மிச்சிகன் அரசியல் சாசனமே சொல்கிறது. 2008-க்குப் பிறகு டெட்ராய்ட்டில் வீட்டு விலைகள் சரிந்தன. வரிமதிப்பு அதே வேகத்தில் இறங்கவில்லை. 2010 முதல் 2016 வரை வீட்டுக்காரர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் அதிகமாக வசூலிக்கப்பட்டது என்று டெட்ராய்ட் நியூஸ் நாளிதழ் 2020-ல் கணக்கிட்டது. மூன்று ஆண்டு வரி பாக்கி நின்றால், டெட்ராய்ட் அடங்கிய வேய்ன் கவுண்டி வீட்டை எடுத்து ஏலத்தில் விட்டுவிடும். 2011-லிருந்து 2015-க்குள் நகரின் நான்கு சொத்துகளில் ஒன்று இப்படிப் போனது. சட்ட அறிஞர் பெர்னடெட் அட்டுவாஹேனேயும் அரசியல் அறிவியல் அறிஞர் கிறிஸ்டோபர் பெர்ரியும் செய்த ஆய்வின்படி, அவற்றில் பத்தில் ஒரு பங்குக்குக் காரணம் சட்டத்தை மீறிய மிகை மதிப்பீடு. அதிலும் விலை குறைந்த வீடுகள்தான் அதிகம் அடிபட்டன. ஏலத்தில் 500 டாலருக்கு வீடு கிடைக்கிறது என்று ஊரெல்லாம் வியந்து பேசிய அந்த வீடுகளில் பல, ஒரு குடும்பம் கட்டக் கூடாத வரியைக் கட்ட முடியாமல் இழந்தவை. எழுந்து போன குடும்பத்தின் இழப்பும் அந்த 500-க்குள் இருக்கிறது. நகரம் முழுவதையும் மறுமதிப்பீடு செய்து முடித்தது 2017-ல்தான்.

சொத்து வரி மட்டும் பார்த்தால் கணக்கு பாதிதான். சில நகரங்கள் சம்பளத்திலும் கை வைக்கின்றன. டெட்ராய்ட்டில் வசிப்பவருக்கு 2.4 சதவீதம், வெளியே வசித்து உள்ளே வேலை செய்பவருக்கு 1.2. ஆண்டுக்கு 60,000 சம்பாதிப்பவருக்கு முதலாவது 1,440 டாலர், இரண்டாவது 720. ஆக 80,000 டாலர் வீட்டில் வாழ்பவரின் உண்மையான உள்ளூர் வரி 2,680 அல்ல, 4,120. பிலடெல்பியா இன்னொரு விதம். அங்கே சொத்து வரி 1.3998 சதவீதம், குடியிருப்பவருக்கு வீட்டு மதிப்பில் முதல் 1,00,000 கழிவு. 2,00,000 டாலர் வீட்டுக்கு வரி 1,400-தான். ஆனால் சம்பளத்தில் சுமார் 3.75 சதவீதம் போகிறது, 60,000-க்கு 2,250. இரண்டும் சேர்ந்து 3,650. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு அந்த 2,250 இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் தம்பதிக்கும் இருவரும் வேலைக்குப் போகும் தம்பதிக்கும் ஒரே ஊர் ஒரே செலவு வைப்பதில்லை. யாருக்கு என்று சொல்லாத எந்த "மலிவான நகரங்கள்" பட்டியலையும் நான் நம்புவதில்லை.

குறைந்த வரியும் எச்சரிக்கையாக இருக்கலாம். அதற்குக் கேரி சாட்சி. இந்தியானா மாநிலம் குடியிருப்பு வீட்டுக்கு 1 சதவீதம், வாடகை வீட்டுக்கு 2, வணிகச் சொத்துக்கு 3 என்று உச்சவரம்பு வைத்து, 2010-ல் அதை அரசியல் சாசனத்திலேயே ஏற்றியது. வாக்காளர்கள் தனியே ஒப்புக்கொண்ட பள்ளி வரிகள் மட்டும் அதற்கு வெளியே. ஆகவே உச்சவரம்பின்படி 80,000 டாலர் வீட்டுக்கு 800 டாலர்; கவுண்டியின் 1.5 சதவீத வருமான வரி தனி. வாங்குகிறவருக்கு இனிக்கும். ஆனால் எஃகு ஆலையை நம்பி வளர்ந்து, 1960-ல் 1,78,320 பேரோடு இருந்து, 2020-ல் 69,093-க்கு இறங்கிய ஊர் அது. வீட்டு மதிப்பும் தாழ்ந்து, உச்சவரம்பும் பூட்டினால் நகராட்சியிடம் பணம் எங்கிருந்து வரும்? 2017-ல் அங்கத்திய பள்ளி நிர்வாகத்தை மாநிலமே எடுத்துக்கொள்ள நேர்ந்தது. பள்ளிக்காக வேறு ஊருக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டியிருந்தால், 800 என்ற எண்ணோடு அந்தச் செலவையும் கூட்டித்தான் டெட்ராய்ட்டின் 2,680-க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

வரி என்ற பெயரில் வராத ரசீதுகளும் உண்டு. 2015 ஜனவரியின் கட்டணப்படி மிச்சிகனின் ஃபிளிண்ட் நகரில் ஒரு வீட்டின் தண்ணீர்க் கட்டணம் ஆண்டுக்கு 864 டாலர் என்று ஃபுட் அண்ட் வாட்டர் வாட்ச் அமைப்பு கணக்கிட்டது. ஆய்வில் பார்த்த 500 பெரிய குடிநீர் அமைப்புகளில் அதுவே அதிகம். ஈயம் கலந்த தண்ணீருக்கு மக்கள் கொடுத்த விலை அது. டெட்ராய்ட்டில் 2019-ன் சட்டத் திருத்தத்துக்கு முன் கார்க் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கேட்டார்கள்; சொத்து வரியின் இரு மடங்கை நெருங்கும் தொகை. வீடு பார்க்கும் முன்பே, அந்தத் தெருவின் அஞ்சல் குறியீட்டைச் சொல்லிக் காப்பீட்டு விலை கேட்டு வாங்கிவிடலாம்.

உயர்ந்த சொத்து வரி விகிதத்தை டெட்ராய்ட் தானாகவே குறைக்க முயலாமல் இல்லை. 2023-ல் அப்போதைய மேயர் மைக் டக்கன், கட்டடங்கள் மீதான வரியை ஆயிரத்துக்கு 14 டாலர் குறைத்து, நிலத்தின் மீது ஏற்றும் திட்டத்தை முன்வைத்தார். நிலத்தைப் பூட்டி வைத்துக் காத்திருப்பவர்கள் கூடுதலாகக் கட்ட, வீட்டில் வாழ்பவர்களின் ரசீது சராசரியாக 17 சதவீதம் குறையும் என்று கணக்குக் காட்டினார்கள். நம் உதாரண வீட்டுக்கு 2,680-லிருந்து ஏறத்தாழ 455 டாலர் மிச்சமாகியிருக்கும். நியாயமான திட்டம் என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டு மாநிலச் சட்டமன்றத்தில் அதற்குப் போதிய வாக்குகள் திரளவில்லை. ஆகவே இப்போதைக்கு 67 என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். வாங்கிய பிறகு வரும் குளிர்காலத்தில் மதிப்பீட்டுக் கடிதம் தபாலில் வரும். அதில் உள்ள எண்ணை இரண்டால் பெருக்கினால் நாம் கொடுத்த விலையைவிட அதிகமாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிப்ரவரியில் மதிப்பீட்டு அலுவலகத்திலும் மார்ச்சில் மறுஆய்வுக் குழுவிடமும் மனு கொடுக்கலாம். அந்தக் கெடு தாண்டினால் அடுத்த வாய்ப்பு மறு ஆண்டுதான்.