வெறும் பாத்திரத்தில் பாம்பு எடுத்த சீன 'மூச்சு' குரு!

கையை மெல்ல தூக்கு. மூச்சை இழு. கையை இறக்கு. மூச்சை விடு.

சீனாவில் விடிந்ததும் பூங்காக்களில் வயதானவர்கள் கும்பலாக நின்று செய்யும் பயிற்சி இது. பெயர் 'சீகுங்'.

'சீ' என்றதும் முகம் சுளிக்க வேண்டாம்! சீன மொழியில் அதற்கு மூச்சு, காற்று, உயிர்ச்சக்தி என்று அர்த்தம். 'குங்' என்றால் விடாமல் பழகிப் பெறும் தேர்ச்சி.

"அட, இது நம்ம சித்தருங்க சமாச்சாரம் ஆச்சே" என்று பெரம்பலூர்க்காரர்கள் கேட்கலாம். கேட்க நியாயம் உண்டு. பக்கத்தில் எளம்பலூரில் பிரம்மரிஷி மலை இருக்கிறது. சித்தர்கள் தவம் செய்த மலை என்பது ஊர் நம்பிக்கை.

யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது?

போகர் சீனாவில் இருந்து வந்தார் என்று ஒரு கதை. இங்கிருந்து சீனா போனார் என்று இன்னொரு கதை. இரண்டுக்கும் சாட்சி இல்லை. போதிதருமர் எழுதியதாகச் சொல்லப்படும் சீனப் பயிற்சி நூலும் 17-ம் நூற்றாண்டில் வந்தது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தியது!

72 பேர்

சாட்சியோடு நடந்த பயணம் ஒன்று உண்டு. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் அப்போது சோழர் தலைநகர். 1077-ல் சோழர் தூதுக்குழுவினர் 72 பேர் சீன அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கொண்டுபோன சரக்கை சீனர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடிச் சாமான், கற்பூரம், யானைத் தந்தம், பன்னீர், கிராம்பு, பெருங்காயம்! பதிலுக்கு 81,800 சரம் செப்புக்காசு கிடைத்தது. மூச்சுப் பயிற்சி அந்தப் பட்டியலில் இல்லை.

பயிற்சியிலும் வித்தியாசம் இருக்கிறது. திருமூலர் கணக்குப்படி 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை விட வேண்டும். உட்கார்ந்து செய்வது. சீனர்களின் பிரபலமான 8 அசைவுப் பயிற்சியை நின்றபடியும் செய்யலாம். விரல்களைக் கோர்த்து வானத்தை நோக்கித் தள்ளுவது முதல் அசைவு. வில்லை வளைப்பது போல இழுப்பது அடுத்தது. மூச்சு அதன் போக்கில் வயிறு வரை இறங்க வேண்டும். நினைப்பு தொப்புளுக்குக் கீழே நிற்க வேண்டும்.

1950-களில் சீன அரசே இதற்கு ஆஸ்பத்திரி வைத்தது. 2003-ல் 4 பயிற்சிகளைத் தேர்ந்தெடுத்து ஒழுங்குபடுத்தி வெளியிட்டது.

பாம்பு வித்தை

நடுவில் கெட்டுப் போனதும் உண்டு. 1980-களில் சீனா முழுக்க 'சீகுங்' பைத்தியம் பிடித்தது. தொடாமலே நோயைத் தீர்ப்பதாக குருமார்கள் கிளம்பினார்கள்.

அவர்களில் பேர் போனவர் வாங் லின். வெறும் பாத்திரத்தில் இருந்து பாம்பு எடுப்பார். சினிமா நடிகர்கள், கோடீசுவரர்கள் தேடிப் போனார்கள். 2013-ல் பத்திரிகைகள் குட்டை உடைத்தன. 2015 ஜூலையில், அவருடைய பழைய சிஷ்யர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். வழக்கு முடிவதற்குள் 2017-ல் நோயில் இறந்தார். கைவசம் இருந்த சக்தி அவருக்கே உதவவில்லை.

தூசிக்கு மருந்து அல்ல

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும் அதிகம். நெஞ்சு அடைக்கிறது என்று வருபவரிடம் "மூச்சு இழுத்தா சரியாப் போயிடும்" என்பது சுலபம். நுரையீரலில் படிந்து புண்ணாக்கிய கல் தூசியை எந்தப் பயிற்சியாலும் வெளியே எடுக்க முடியாது. டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அதற்காக எல்லாமே புளுகு என்று தள்ளவும் வேண்டாம். சீகுங்கின் உறவுக்காரப் பயிற்சியான 'தாய்ச்சி'யை ஒழுங்காகச் செய்யும் வயதானவர்கள் தடுக்கி விழுவது குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. காசு செலவில்லை. கருவி வேண்டாம். பி.பி., இருதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் மூச்சை அடக்கிப் பார்க்கக் கூடாது. சுகர் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

"மாத்திரையைத் தூக்கிப் போடு, என் சக்தியில் சுகர் போகும்" என்று விளம்பரம் செய்பவர்களுக்காக 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய் முதலானவற்றை மாயசக்தியால் தீர்ப்பதாக விளம்பரம் செய்தால் குற்றம். முதல் தடவை மாட்டினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.