வடபாதையில் பிரிந்தவர்கள்

மாத்தளை நகருக்கு 3 கிலோமீட்டர் வடக்கே, ஏ9 வீதியோரத்தில் இருக்கிறது அலுவிகாரை. பௌத்தத் திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட குகை விகாரை என்பது அதன் பெருமை. மலையகத் தமிழருக்கு அந்த வீதியில் இன்னொரு நினைவும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்கள் இவ்வழியாகத்தான் மாத்தளைக்குள் நுழைந்தார்கள். கூட்டமாகப் புறப்பட்டவர்களில் பலர் கூட்டத்தோடு வந்து சேரவில்லை. அவர்கள் வழியில் பிரிந்தது ஏன்? மறுபடி சேர முடிந்ததா?

எந்த வழி?

திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களிலிருந்து கரைக்கு வந்து, தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்குவார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, அலுவிகாரை, மாத்தளை. கடலைக் கடந்த பிறகு மட்டும் சுமார் 150 மைல் நடை. இதைத்தான் வடபாதை என்பார்கள்.

பாதையின் பெரும்பகுதி காடு. ஆனால் தண்ணீருக்குப் பாலைதான். வன்னிக்கும் அனுராதபுரத்துக்கும் மழை தருவது ஐப்பசிக்குப் பின் வரும் வடகீழ்ப் பருவக்காற்று. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டுமென்றால் அந்த மழைக்கு முன்பே நடக்க வேண்டும். அப்போது குளங்கள் வற்றிச் சேறாகக் கிடக்கும். எஞ்சிய நீரில்தான் வண்டி மாடுகளும் குடிக்கும், மனிதரும் குடிப்பார்கள்.

ஏன் பிரிந்தார்கள்?

முதற்காரணம் வாந்திபேதி. அந்தக் குளத்து நீரில்தான் அது பரவியது. காலையில் நன்றாக நடந்தவர் மாலைக்குள் எழ முடியாமல் விழுந்துவிடுவார். அம்மையும் சீதபேதியும் அதோடு சேர்ந்துகொண்டன. நோய் எப்படித் தொற்றுகிறது என்று தெரியாத காலம். விழுந்தவரின் பக்கத்தில் உட்காரவே கூட வந்தவர்கள் அஞ்சினார்கள்.

இரண்டாவது காரணம் கணக்கு. கூட்டத்தை அழைத்து வந்தவர் கங்காணி. தோணிக் கூலியும் வழிச் சோறும் அவர் தந்த முன்பணத்தில் நடந்தன. அந்தத் தொகை ஒவ்வொருவர் பேரிலும் கடனாக ஏறியது. ஒருவருக்காக ஒரு நாள் தங்கினால் அத்தனை பேருக்கும் ஒரு நாள் அரிசி வேண்டும். அடுத்த தண்ணீர் எத்தனை மைலில் என்பதும் நிச்சயமில்லை. ஆகவே நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். விழுந்தவரை மரத்தடியில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள்.

கணவன் விழுந்தால் மனைவி என்ன செய்வாள்? கூட இருந்தால் அவளுக்கும் பிள்ளைக்கும் சோறில்லை. போனால் அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. இதை இரக்கமின்மை என்று அந்த மக்கள்மேல் சுமத்துவது அநியாயம். தங்கிப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு இடமோ உணவோ யாரும் வைக்கவில்லை.

பிரிந்தவர்கள் சேர்ந்தார்களா?

ஆரம்ப ஆண்டுகளில் பிரிவு பெரும்பாலும் நிரந்தரமாகவே முடிந்தது. பாதையோரத்தில் பிணங்கள் கிடந்ததை அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னர், 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இப்படி வரும் தொழிலாளருக்கென்று ஓர் ஆணைக்குழு அமைந்தது. காலப்போக்கில் வழியில் தங்கு கொட்டகைகளும் கிணறுகளும் வைத்தியசாலைகளும் வந்தன. விழுந்தவர் படுத்துத் தேறி, அடுத்து வரும் கூட்டத்தோடு நடக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அந்த வசதிகளும் போதவில்லை. ஆனாலும் ஒரு கிணறும் ஒரு கூரையும் இருந்த இடத்தில் பிரிவு தற்காலிகமானது.

1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது; அதற்கு வடக்கே இருந்த நடை மாறவில்லை. நூற்றாண்டின் முடிவில் பிளேக் நோய் அச்சத்தால் இந்தப் பாதை மூடப்பட்டு, பயணம் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் வழிக்கு மாறியது. 1914இல் தலைமன்னார்வரை ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் ஓடத் தொடங்கின.

இன்று

2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. மூதாதையர் தாகத்தோடு கடந்த அதே தடம்.

இந்தப் பாதை நமக்குச் சொல்வது ஒன்றுதான். நெடுந்தூரம் நடப்பவர்கள் எல்லாரும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை, பிரிய நேரும். எங்கே, எப்போது சேர்வது என்று பேசி, குடிதண்ணீரைப் பகிர்ந்துகொண்டு பிரிந்தால் ஆபத்து குறையும். கதிர்காமத்துக்குக் காட்டுவழி போகிறவர்களும் நக்கிள்ஸ் மலை ஏறுகிறவர்களும் இதைப் புறப்படும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். உடம்புக்கு முடியாதவரை மட்டும் ஒருபோதும் தனியே விடாதீர்கள். ஒருவராவது கூட இருங்கள்.