பிக்கப் வண்டியில் ஏ.சி. குளிரவில்லையா?

பேரிகை, பாகலூர், சூளகிரி வட்டாரங்களில் ரோஜா, தக்காளி, முட்டைக்கோசு, குடமிளகாய் பயிரிடும் விவசாயிகள் பலர் சொந்தமாகவே பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். நடுநிசியில் பூ ஏற்றி, விடியுமுன் பெங்களூர் மார்க்கெட்டில் இறக்குகிற வண்டிகள் இவை. ஓசூர் மேட்டு நிலத்தில் இயற்கையே குளிர்ச்சிதானே, இங்கே ஏ.சி. எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மார்கழி, தை மாதப் பனியில் வண்டி ஓட்டியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கதவை மூடி இரண்டு பேர் மூச்சுவிட்டாலே முன்கண்ணாடி உள்பக்கம் மங்கிவிடும். எதிரே வரும் லாரியின் விளக்கு பட்டதும் சாலை தெரியாது. ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிவிடுவதால் சில நிமிடங்களில் கண்ணாடி தெளியும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். பிக்கப்புகளில் பெரும்பாலானவை அந்த எடைக்குள் அடங்குவதால் அவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இருக்கிற ஏ.சி.யைக் காப்பாற்றிக்கொள்வது வண்டிக்காரர் பொறுப்பு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். ஏ.சி.யில் உள்ள வாயு டீசலைப் போலச் செலவாகிற பொருள் அல்ல. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் சூடு தணிந்து அது திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் உள்ள குளிர்கூட்டில் மறுபடி வாயுவாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதே வாயுதான் சுற்றிச்சுற்றி வருகிறது. ஆகவே 'வருஷத்துக்கு ஒரு தடவை காஸ் போட வேண்டும்' என்று யாராவது சொன்னால், எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் காஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பழுது எங்கே என்பதைப் பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காற்றே குறைவாக வருகிறதா, காற்று வந்தும் குளிரவில்லையா என்று முதலில் பாருங்கள். காற்று குறைந்தால் உள் வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். செம்மண் சாலையில் ஓடும் வண்டியில் அது களிமண் பூசியதுபோல் அடைத்திருக்கும். புறப்பட்டபோது நன்றாக வந்த காற்று அரைமணி நேரத்தில் குறைந்து, ஏ.சி.யைச் சற்று நேரம் நிறுத்தியதும் திரும்புமானால், குளிர்கூட்டில் பனிக்கட்டி பிடிக்கிறது. வடிகட்டி அடைப்பு, வெப்ப உணர்கருவியின் கோளாறு, வாயுக் குறைவு ஆகியவற்றில் ஒன்று அதற்குக் காரணமாகலாம்.

காற்று வந்தும் குளிராவிட்டால், பானெட்டைத் திறந்து வைத்து ஒருவரை ஏ.சி. சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். 'டக்' என்ற ஓசையுடன் கம்ப்ரசரின் கிளட்ச் பிடித்துச் சுழல வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே கையையோ துண்டையோ கொண்டுபோகக் கூடாது. கிளட்ச் பிடிக்காவிட்டால் பியூஸ், ரிலே, ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டியில் எலி ஒயரைக் கடிப்பது சாதாரணம். இவை சரியாக இருந்தால் வாயு குறைந்திருக்கலாம். வாயு குறைந்தால் அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாமல் தடுத்துவிடும். சில மெக்கானிக்குகள் இந்த சுவிட்சை ஒயரால் இணைத்து ஓட்டிக் காட்டுவார்கள். அனுமதிக்கவே கூடாது. கம்ப்ரசருக்கு எண்ணெய் கொண்டுவருவதும் அந்த வாயுதான். அது இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் இறுகிப்போகும், செலவு பல மடங்காகும்.

ஓடும்போது குளிர்ந்து, மார்க்கெட் வரிசையில் நிற்கும்போது மட்டும் சூடாகிறதென்றால் கண்டென்சரையும் அதன் விசிறியையும் சந்தேகிக்கலாம். தூசும் பூச்சிகளும் அடைத்த கண்டென்சரை, எஞ்சின் ஆறிய பிறகு மெதுவான தண்ணீரால் கழுவினாலே போதும். பவர் பம்பை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசு ஒட்டியிருந்தால் கசிவு அங்கேதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இணைப்புகளை நாமே தளர்த்தக் கூடாது. பீறிடும் வாயு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பட்டறையில் அளவி மாட்டும்போது அருகில் நின்று பாருங்கள். இன்று ஓடும் வண்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-134ஏ வாயு, 30 டிகிரி வெப்பத்தில் எஞ்சின் ஓடாதபோது இரு பக்கமும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 95 பவுண்டு காட்டும். உள்ளே திரவம் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் இதே அளவுதான் காட்டும்! எனவே நிற்கும் வண்டியில் அளவியை மட்டும் பார்த்து 'காஸ் நிறைய இருக்கிறது' என்பது சரியல்ல. எஞ்சினும் ஏ.சி.யும் ஓடும்போது இரு பக்கமும் அளவு தாழ்ந்திருந்தால் வாயு குறைவு என்று கொள்ளலாம். தாழ்பக்கம் உயர்ந்து உயர்பக்கம் தாழ்ந்தால் கம்ப்ரசர் தளர்ந்திருக்கிறது. இரண்டுமே உயர்ந்தால் கண்டென்சர் அடைப்போ அளவுக்கு மீறிய வாயுவோ காரணம்.

கசிவை அடைத்தபின் உலர்த்தி வடிகட்டியை மாற்றி, பம்பு வைத்துக் குறைந்தது அரைமணி நேரம் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிவிட்டு, பானெட் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட கிராம் அளவுக்குத் தராசில் எடைபோட்டு வாயு நிரப்ப வேண்டும். மலிவு என்று சமையல் வாயுவைப் போன்ற எரியும் வாயுவை நிரப்ப ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு குறிப்பு. குளிர்காலம் முழுவதும் ஏ.சி.யைப் போடாமலே வைத்தால் கம்ப்ரசரின் தண்டு சீல் காய்ந்து கசியத் தொடங்கும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டிவைத்தால் எண்ணெய் சுற்றி சீல் ஈரமாகவே இருக்கும்.

டிரைவர் அறை ஏ.சி.யால் பின்னால் உள்ள பூவுக்கு எந்தப் பயனும் இல்லை. கொய்த ரோஜாவுக்கு 2 முதல் 4 டிகிரி குளிர் வேண்டும். அதற்குத் தனி இயந்திரம் பொருத்திய, வெப்பம் புகாத பெட்டி வண்டிதான் தேவை.