62,216 – 62,215: ஒரே ஒரு வாக்கு முதலமைச்சர் கனவைக் கலைத்த நாத்வாரா தொகுதியின் கதை

ஜெய்ப்பூர்: ராஜஸ்தான் சட்டப்பேரவையின் 200 தொகுதிகளில் ஒன்றான நாத்வாரா, நாட்டின் தேர்தல் வரலாற்றில் தனித்ததோர் இடத்தைப் பெற்றுள்ளது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் நடைபெற்ற தேர்தலில் அங்கு பாஜக வேட்பாளர் கல்யாண் சிங் சவுகான் பெற்ற வாக்குகள் 62,216. அவரை எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி பெற்றவை 62,215. வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு.

தோற்றவர் யார் என்பதே இந்த முடிவை நாடு முழுவதும் பேச வைத்தது. ஜோஷி அப்போது ராஜஸ்தான் மாநில காங்கிரஸ் தலைவர். அந்தத் தேர்தலில் 96 இடங்களைப் பிடித்த காங்கிரஸ் ஆட்சியமைக்கும் நிலைக்கு வந்தபோது, முதலமைச்சர் பதவிக்குப் பேசப்பட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்று. கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவந்த மாநிலத் தலைவர், தம் சொந்தத் தொகுதியில் தோற்றார். அசோக் கெலாட் முதலமைச்சரானார்.

ஜோஷியின் குடும்பத்தினர் சிலர் அன்று கோயிலுக்குச் சென்றதால் வாக்களிக்கவில்லை என்றும், அவரது ஓட்டுநரும் வாக்களிக்கவில்லை என்றும் அப்போது செய்திகள் வெளியாயின. இந்தக் கதை சொல்பவருக்கு ஏற்ப மாறுகிறது: சிலர் மனைவி என்பர், சிலர் தாயாரையும் சேர்த்துக்கொள்வர். வாக்காளர் விழிப்புணர்வு மேடைகளில் இன்றும் தவறாமல் ஒலிப்பது இந்தக் கதைதான். ஆனால், தேர்தல் முடிந்த பின் நீதிமன்றத்தில் நடந்தவற்றைப் பலரும் அறியார்.

ஸ்ரீநாத்ஜியின் ஊர்

உதய்ப்பூருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ராஜ்சமந்த் மாவட்டத்தில் உள்ளது நாத்வாரா. கிருஷ்ணரின் வடிவமான ஸ்ரீநாத்ஜி கோயிலைச் சுற்றி வளர்ந்த நகரம் இது. 17ஆம் நூற்றாண்டில் மதுராவை அடுத்த கோவர்த்தனத்திலிருந்து கொண்டுவரப்பட்ட திருவுருவம் இங்கு நிலைபெற்றதாக வரலாறு. தெய்வத்துக்குப் பின்னே தொங்கவிடப்படும் 'பிச்வாய்' துணி ஓவியங்களுக்கும் இந்த ஊர் பெயர் பெற்றது. 1576இல் மகாராணா பிரதாப்பின் படையும் அக்பரின் படையும் மோதிய ஹல்திகாட்டி கணவாய் இதன் அருகில்தான் உள்ளது. 2023 தேர்தலைப் புரிந்துகொள்ள இந்தப் பெயர் தேவைப்படும்.

உளவியல் பேராசிரியராகப் பணியாற்றியவரான ஜோஷி, 1980இல் இங்கிருந்து முதன்முறையாகப் பேரவைக்குச் சென்றார். 1985, 1998, 2003 ஆகிய தேர்தல்களிலும் வென்றார். கெலாட்டின் முதல் அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தார். நான்கு முறை வென்ற மண்ணில்தான் ஐந்தாவது வெற்றி ஒரு வாக்கில் கைநழுவியது.

மறு எண்ணிக்கை ஏன் உதவாது?

மின்னணு இயந்திரத்தில் பதிவான வாக்குகளை எத்தனை முறை எண்ணினாலும் அதே எண்தான் வரும். 2008இல் ஒப்புகைச் சீட்டு இயந்திரமும் கிடையாது. ஆகவே மறு எண்ணிக்கையில் மாறக்கூடியவை தபால் வாக்குகள் மட்டுமே. அதற்கு மேல் சந்தேகம் எழுப்ப விரும்பும் வேட்பாளருக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி, முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்வது. ஜோஷி அதைத்தான் செய்தார்.

வழக்கின் மையம், 'டெண்டர் ஓட்டு' எனப்படும் ஆய்வுக்குரிய வாக்குகள். ஒருவர் வாக்குச்சாவடிக்குச் செல்லும்போது அவர் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்திருந்தால், தாம்தான் உண்மையான வாக்காளர் என அதிகாரியிடம் நிறுவிய பின், அவருக்கு ஒரு வாக்குச்சீட்டு தரப்படும். அவர் முத்திரையிட்ட சீட்டு தனி உறையில் வைக்கப்படும். தேர்தல் நடத்தை விதிகளில் இது 49பி. 'சர்கார்' திரைப்படத்தின் மூலம் தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான அதே விதி.

திரைப்படம் தரும் எண்ணத்துக்கு மாறான ஓர் உண்மை உண்டு. வாக்கு எண்ணும் நாளில் இந்த உறை பிரிக்கப்படுவதில்லை. நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் பிரிக்கப்படும். வெற்றி வித்தியாசத்தை மாற்றும் அளவுக்கு அவை இருந்தால்தான் நீதிமன்றமும் அக்கறை கொள்ளும். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் உள்ள தொகுதிகளில் அந்த உறைகள் திறக்கப்படாமலேயே போகின்றன. நாத்வாராவிலோ ஒவ்வோர் உறைக்கும் ஆட்சியைப் பாதிக்கும் எடை இருந்தது.

மற்றொரு குற்றச்சாட்டும் மனுவில் இருந்தது. சவுகானின் மனைவி இரு இடங்களில் வாக்களித்தார் என்பதே அது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 62ஆவது பிரிவின்படி, ஒரே தொகுதியில் ஒருவர் இருமுறை வாக்களித்தால் அவரது இரண்டு வாக்குகளுமே செல்லாதவை ஆகும். ஒரு வாக்கில் வென்றவரின் கணக்கிலிருந்து இரண்டைக் கழித்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கழித்தால் சமநிலை. அப்போது சட்டப்படி குலுக்கல்தான்.

வழக்கின் நடுவே, மனுவில் குறிப்பிடப்படாத ஆய்வுக்குரிய வாக்குகளையும் சேர்த்து ஆராயலாமா என்ற கேள்வி எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மனுவில் எழுப்பப்படாத, விசாரணைக்கு உரியதென வரையறுக்கப்படாத ஒன்றைத் தேர்தல் வழக்கில் ஆராய முடியாது என 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் வழக்குகளில் பின்னர் பலமுறை மேற்கோள் காட்டப்பட்ட தீர்ப்பு அது.

இதற்கிடையே ஜோஷி 2009இல் பில்வாராவிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி, மன்மோகன் சிங் அமைச்சரவையில் ஊரக வளர்ச்சித் துறை அமைச்சரானார். 2013 பேரவைத் தேர்தலில் நாத்வாரா மக்கள் சவுகானையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். பதவியில் இருக்கும்போதே 2018 பிப்ரவரியில் அவர் காலமானார்.

இந்தியாவில் இவ்வாறு நிகழ்ந்தது இது முதன்முறை அன்று. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளி தொகுதியில் காங்கிரஸின் துருவநாராயணா 40,752 வாக்குகளும், மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751 வாக்குகளும் பெற்றனர். அங்கும் ஓட்டுநர் வாக்களிக்காத கதை ஒன்று உலவுகிறது. தோற்ற கிருஷ்ணமூர்த்தி, பின்னர் காங்கிரஸில் சேர்ந்து 2023இல் கொள்ளேகால் தொகுதியில் வென்று மீண்டும் பேரவைக்குள் நுழைந்தார்.

மீண்டும் ஜோஷி, பிறகு மேவார்

2018 டிசம்பரில் ஜோஷி நாத்வாராவை மீட்டார். அடுத்த மாதமே பேரவைத் தலைவரானார். 2020இல் சச்சின் பைலட்டும் அவருடைய ஆதரவு எம்எல்ஏக்கள் 18 பேரும் கெலாட்டுக்கு எதிராகக் கிளர்ந்தபோது தகுதிநீக்க நோட்டீஸ் அனுப்பியவர் அவர்தான். 2008இல் தமக்குக் கிட்டாத நாற்காலி யாருக்குப் போனதோ, அவரது ஆட்சியைக் காக்கும் போராட்டத்தில் பேரவைத் தலைவர் இருக்கையில் அமர்ந்திருந்தார் ஜோஷி.

2023இல் பாஜக அவருக்கு எதிராக நிறுத்தியது மகாராணா பிரதாப்பின் வழிவந்த விஸ்வராஜ் சிங் மேவாரை. ஹல்திகாட்டியை அருகில் வைத்திருக்கும் தொகுதியில் அந்தக் குடும்பப் பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஜோஷி 7,504 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார்.

அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் விஸ்வராஜ் சிங்கின் மனைவி மகிமா குமாரி ராஜ்சமந்த் தொகுதியில் வென்றார். பில்வாராவில் களமிறங்கிய ஜோஷியோ மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோல்வியுற்றார். செய்தி படிப்போர் குழம்ப வேண்டாம்: அதே தேர்தலில் சித்தோர்கரில் வெற்றி பெற்ற பாஜகவின் சி.பி. ஜோஷி வேறொருவர்.