வெயில் குறையா ஊரில் குறையும் உயிர்ச்சத்து

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் அமைந்த தீவு. தேக்காச் சந்தைக்கு வெளியே ஆண்டின் எம்மாதத்திலும் நண்பகல் வெயில் குறைவதில்லை. ஆயினும் இங்கு வாழ்வோர் பலருக்கு இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாகத் தெரிகிறது. சாளரக் கண்ணாடி புறஊதா பி கதிரைத் தடுக்கிறது. கருநிறத் தோலின் மெலனின் அக்கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. சிராங்கூன் சாலையில் நடப்போரும் கடையோர நிழலையே நாடுகின்றனர். இவை பலரும் அறிந்த காரணங்கள். அதிகம் அறியப்படாத காரணம் ஒன்று கழுத்துக்குள் இருக்கிறது.

தைராய்டுச் சுரப்பியின் பின்புறம் அரிசிமணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள் உள்ளன. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை ஆராய்ந்தபோது ரிச்சர்டு ஓவன் இவற்றைக் கண்டார். மனித உடலில் இவற்றைக் கண்டு 1880இல் விரிவாக எழுதியவர் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர்.

தோலில் உருவாகும் வைட்டமின் டி, கல்லீரலில் சேமிப்பு வடிவமாகிறது. பரிசோதனைக்கூடம் அளப்பது இவ்வடிவத்தையே. பின்னர்ச் சிறுநீரகம் அதனைக் கால்சிட்ரியால் என்னும் செயல் வடிவமாக மாற்றுகிறது. அம்மாற்றத்தை முடுக்குவது பாராதைராய்டு இயக்குநீர். குடல் கால்சியத்தை உறிஞ்சக் கால்சிட்ரியால் துணைபுரிகிறது.

சுரப்பிகளுள் ஒன்றில் சிறு கட்டி தோன்றினால், தேவையின்றியும் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கும். சேமிப்பு வடிவம் விரைந்து செயல் வடிவமாக மாறும். மிகுந்த கால்சிட்ரியால் எஞ்சிய சேமிப்பும் விரைவில் சிதையத் தூண்டும். வரவு மாறாதிருக்கச் செலவு பெருகிய குடும்பத்தின் கையிருப்புப் போல, அளவு கரைகிறது.

இங்குத்தான் குழப்பம் எழுகிறது. வெயிலும் உணவும் போதாமையால் வைட்டமின் டி குறைந்தாலும் இயக்குநீர் உயரும். அது உடலின் இயல்பான எதிர்வினை. அப்போது இரத்தக் கால்சியம் இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும். சுரப்பியே பழுதுற்றால் கால்சியம் உயர்ந்திருக்கும். ஒரே குறைவு, இருவேறு காரணங்கள். பிரித்துக் காட்டுவது கால்சியம். எனினும் வைட்டமின் டி மிகக் குறைந்திருந்தால், கால்சிய உயர்வும் மறைந்து நிற்கக்கூடும்.

இதன் விளைவு பெரிது. இந்திய மருத்துவமனைகளில் இந்நோயாளர் பலர் எலும்புவலியும் முறிவும் கண்ட பின்னரே வந்துள்ளனர். வைட்டமின் டி குறைபாடு நோயைக் கடுமையாக்குவது அதற்கு ஒரு காரணம். மறுபுறம், கால்சியம் உயர்ந்திருப்பதை அறியாது கடையில் கால்சியம் மாத்திரை வாங்கி உண்பது தீங்கு தரலாம். மருத்துவர்கள் கால்சியத்தைக் கண்காணித்தவாறே வைட்டமின் டியை அளவோடு ஈடுசெய்கின்றனர். நோயை முற்றும் நீக்கும் வழி, பழுதுற்ற சுரப்பியை அறுவை மூலம் அகற்றுவதாகும்.

ஆகவே, வைட்டமின் டி குறைவு என்று வீட்டில் எவரேனும் முடிவுத்தாளுடன் வந்தால், நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி: கால்சியம் எவ்வளவு?