தோளிலே ராணி!

கங்கைகொண்டானிலே தோழர் ஒருவர், பெட்டியடியில் கிடந்த பாட்டனாரின் காக்கிச் சட்டையைக் காட்டினார். "பித்தளையைக் கழற்றிப் பழைய சாமான்காரனுக்குப் போடலாமா?" என்றார்.

பதறினோம்! அந்தப் பித்தளையல்லவா பாட்டனாரின் வரலாறு!

தோளிலே கியூ, வி, ஓ என்ற எழுத்துகள். 'விக்டோரியா மகாராணிக்கே உரியது' என்று பொருள். 1780இல் சென்னையிலே உருவாகி, பின்பு பெங்களூரில் நிலைகொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படை அது. பாலம் கட்டுவோர், பாதை அமைப்போர், கண்ணிவெடி அகற்றுவோர் படை. கையிலே இரண்டு பட்டை. ஆகவே பாட்டனார் நாயக். ஒன்றென்றால் லான்ஸ் நாயக், மூன்றென்றால் ஹவில்தார்.

ராணி மறைந்தது 1901இல். இரண்டாம் உலகப் போரிலும் அவள் பெயரைச் சுமந்தது தமிழன் தோள்! 1944இல் இத்தாலியிலே கண்ணிவெடிமீது பாய்ந்து, தன் உடலையே கேடயமாக்கித் தோழர்களைக் காத்து மாண்டார் அப்படையின் சுபேதார் சுப்பிரமணியன். அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் சிலுவை. பதக்கத்திலும் மன்னன் பெயர்தான்!

நாடு குடியரசானது, மகுடம் போயிற்று, அசோகச் சிங்கம் வந்தது. அப்படையினரைத் 'தம்பி' என்றே இன்றும் அழைக்கிறார்கள். அந்தப் பெயரோ, பாட்டனாரின் பெயரோ சட்டையிலே இல்லை.

தோழர்களே! இத்தகைய சட்டை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். சின்னத்தைக் கழற்றாதீர்கள். எது எங்கே இருக்கிறதென்று குறித்து, அணிந்தவர் பெயரையும் ஊரையும் எழுதி உடன் வையுங்கள். ராணியின் பெயரைப் பித்தளை காக்கும். பாட்டனின் பெயரை நாமன்றோ காக்கவேண்டும்!